நாம், நாங்கள்: பெங்களூருத் தமிழ்ச் சபையில் ஒரு ஞாயிறு ஆராதனை

"புத்தகத்தைப் பார்த்துப் படிப்பது எப்படி ஐயா ஜெபமாகும்?" என்று போன மாதம் ஒரு பெண் என்னிடம் கேட்டார். பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் நர்சாக இருக்கிறார். நாகர்கோவில் பக்கத்து ஊர். விடுதித் தோழிகளோடு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்ப் பழகியவர். அங்கே ஒவ்வொருவரும் தன் நெஞ்சில் எழுந்த வார்த்தைகளால் கண்ணீரோடு ஜெபிப்பதைப் பார்த்தவருக்கு, எங்கள் சபையில் எல்லோரும் ஒரே வாசகத்தை ஒரே குரலில் சொன்னது பள்ளிக்கூட வாய்ப்பாடு போலத் தோன்றியிருக்கிறது. கேள்வியில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது. நான் இருபது வருடங்களாக இந்தச் சபையில் திருவிருந்து மேஜையை ஆயத்தம் செய்கிறவன். அன்று வெஸ்ட்ரி (ஆராதனைக்கு ஆயத்தம் செய்யும் பக்க அறை) வாசலில் நின்றபடி சொன்ன பதில் எனக்கே போதவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலான சபைகள் ஒன்றாகிப் பிறந்தது அது. ஆனாலும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த என்னைப் போன்றவர்களுக்கு ஆராதனை என்றால் முதலில் மனதில் எழுவது ஆங்கிலிக்கன் மரபு, அதாவது இங்கிலாந்து சபையின் மரபு: புத்தகம், மணி, முழங்கால், வருடத்தின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் ஒரு பெயர். அந்த மரபைப் புரிந்துகொள்ள ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும். பொது என்பதே அந்தச் சொல்.

1549-ல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த வழிபாட்டு நூலின் பெயரே பொது ஜெப புத்தகம்தான். அதற்கு முன் ஆராதனை லத்தீனில் நடந்தது. பீடத்தில் குருவானவர் தன் பங்கைச் சொல்வார். மக்கள் கீழே தங்கள் சொந்த ஜெபங்களைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலோர் வருடத்துக்கு ஒருமுறை, ஈஸ்டரை ஒட்டித்தான் நற்கருணை என்னும் திருவிருந்தை எடுத்தார்கள். அதுவும் அப்பம் மட்டும். கேன்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர் இதை மாற்றினார். பல புத்தகங்களில் சிதறிக் கிடந்த வழிபாட்டை ஒரே புத்தகத்தில், மக்கள் பேசும் மொழியில் கொண்டுவந்தார். துறவிகள் நாளொன்றுக்கு எட்டு வேளை சொன்ன ஜெபங்களைக் காலை, மாலை என்று இரண்டாகச் சுருக்கினார். மாதம் ஒருமுறை 150 சங்கீதங்களும் வாசித்து முடியும்படி நாள்வாரியாகப் பிரித்தார். பழைய முறையில் எதை வாசிக்க வேண்டும் என்று தேடிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததை வாசிப்பதைவிடப் பெரிய வேலையாக இருந்தது என்று அந்த நூலின் முன்னுரையே வருந்துகிறது.

அந்த மாற்றம் எளிதில் நடக்கவில்லை. அதே 1549-ல் டெவன், கார்ன்வால் பகுதிகளில் மக்கள் புதிய புத்தகத்துக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். எங்களில் சிலருக்கு ஆங்கிலமே புரியாது என்று கார்ன்வால்காரர்கள் சொன்னார்கள். அவர்கள் பேசியது கார்னிஷ். மக்களின் மொழி என்று சொல்லும்போது எந்த மக்களின் மொழி என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. மக்களுக்குப் புரியாத மொழியில் பொது ஜெபம் நடத்துவது வேதத்துக்கு விரோதம் என்று ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் 24-வது விதி சொல்கிறது. அந்த விதியை உண்மையாக எடுத்துக்கொண்டால், ஆங்கிலிக்கன் ஆராதனை தமிழ்நாட்டுக்கு வரும்போது தமிழாக மாறியே ஆகவேண்டும். மாறியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு வாசகத்தை அருகே வைத்துப் பார்க்க வேண்டும். அப்பத்தைக் கையில் வைக்கும்போது ஆயர் சொல்லும் வாசகம் அது. 1549 புத்தகத்தில் அதன் பொருள் இது: உனக்காகக் கொடுக்கப்பட்ட கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் சரீரம் உன்னை நித்திய ஜீவனுக்கென்று காப்பதாக. கையில் இருப்பது கிறிஸ்துவின் சரீரமே என்று நம்புகிறவருக்கு இது போதும். மூன்றே வருடத்தில், 1552-ல், சீர்திருத்தத்தில் இன்னும் தீவிரமானவர்கள் அந்த வாசகத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார்கள்: கிறிஸ்து உனக்காக மரித்தார் என்பதை நினைவுகூர்ந்து இதை வாங்கிப் புசி, விசுவாசத்தினால் உன் இருதயத்தில் அவரை உட்கொள். இதில் நினைவுகூர்தல் முன்னே நிற்கிறது. அடுத்து கத்தோலிக்கரான மேரி அரசியின் காலத்தில் புத்தகமே தடைசெய்யப்பட்டது. 1556-ல் கிரான்மர் ஆக்ஸ்போர்டில் தீயில் எரிக்கப்பட்டார். தன் நம்பிக்கையை மறுத்துக் கையெழுத்திட்ட வலது கையை முதலில் தானே தீக்குள் நீட்டினார். எலிசபெத் அரசியானதும் 1559-ல் புத்தகம் திரும்பி வந்தது. எந்த வாசகத்தை வைப்பது? இரண்டையும் வைத்தார்கள். முதல் வாக்கியம், அதைத் தொடர்ந்து இரண்டாவது வாக்கியம். 1662-ல் நிலைபெற்ற புத்தகத்திலும் அப்படியே இருக்கிறது.

இதை வெறும் சமரசம் என்று சிலர் தள்ளிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த வாக்கியத்துக்காக மனிதர்கள் உயிரைக் கொடுத்தார்களோ, எந்த வாக்கியத்துக்காக மனிதர்கள் எரிக்கப்பட்டார்களோ, அந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டிருக்கும் இரண்டு பேர் கையிலும் ஒரே அப்பத்தை வைக்க முடிந்திருக்கிறது. எங்கள் ஐயர் (ஆயரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) இன்றும் அந்தப் பழைய வாசகத்தையே தமிழில் சொல்கிறார்.

அந்த வாசகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஆராதனை பெரும்பாலும் பன்மை. அந்த இடத்தில் ஒருமை. உனக்காக. உன்னை. தமிழில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ஏனென்றால் ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு செல்வம் நம் மொழியில் இருக்கிறது. பேசப்படுகிறவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', சேர்க்காவிட்டால் 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அந்தப் பெண்ணிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆராதனை தொடங்குகிறது. ஆயர் சபையைப் பார்த்து, ஜெபம் பண்ணக்கடவோம் என்கிறார். இது நாம். சொல்கிறவரும் கேட்கிறவர்களும் சேர்ந்தது. அடுத்த நொடி அவரும் எங்களோடு சேர்ந்து கடவுளை நோக்கித் திரும்பிவிடுகிறார். இப்போது எல்லாம் 'நாங்கள்'. காணாமற்போன ஆடுகளைப்போல வழிதப்பி அலைந்தோம், செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டோம், செய்யக்கூடாததைச் செய்தோம் என்று பாவ அறிக்கை போகிறது. 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று சொல்கிறோம். 'நம் பிதாவே' என்று சொல்வதில்லை. முடிவில் ஆயர் மறுபடி எங்களை நோக்கித் திரும்பி, 'நம்முடைய கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் கிருபையும்' என்று ஆசீர்வாதத்தைத் தொடங்கும்போது நாம் என்பது திரும்பி வருகிறது. ஒன்றே முக்கால் மணி நேர ஆராதனையை இந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டே பின்தொடரலாம். யார் யாரிடம் பேசுகிறார்கள், எந்தத் திசையில் முகம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

விசுவாசப் பிரமாணத்திலும் 'விசுவாசிக்கிறேன்' என்று ஒருமை வருகிறது. அதற்கும் காரணம் உண்டு. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் ஞானஸ்நானத்தில் கேட்கப்பட்ட கேள்விகளிலிருந்து வளர்ந்தது. தண்ணீரில் இறங்குகிறவர் தானே பதில் சொல்ல வேண்டும். அவருக்காக இன்னொருவர் நம்ப முடியாது.

இரவுப் பணியில் தனியாக இருக்கும் ஒரு நர்ஸ் வார்டின் மூலையில் நின்று கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொன்னாலும் 'எங்கள் பிதாவே' என்றுதான் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும்போதும் நாங்கள். யாரோ எழுதிய வார்த்தைகளை ஏன் சொல்ல வேண்டும் என்பதற்கு ஆங்கிலிக்கன் மரபின் பதில் அதற்குள் இருக்கிறது. என் சொந்த வார்த்தைகளில் நான் ஜெபித்தால் என் கவலையும் என் நன்றியும் வரும். அது வேண்டும், அதற்கு வீட்டில் அறை இருக்கிறது, கதவு இருக்கிறது. ஆனால் வேலை இழந்தவர், குழந்தை பெற்றவர், நேற்று தகப்பனைப் புதைத்தவர், தூக்கக் கலக்கத்தில் வந்த கல்லூரிப் பையன் எல்லோரும் ஒரே வாயாகப் பேச வேண்டுமானால், ஒருவருக்கும் தனிச் சொந்தமில்லாத வார்த்தைகள் தேவைப்படுகின்றன.

தமிழுக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தரங்கம்பாடியில் 1706-ல் சீகன்பால்கு தொடங்கியது லூத்தரன் பணி. தமிழில் பொது ஜெப புத்தகத்தை முதலில் பெயர்த்தவர்களில் முக்கியமானவரான ராட்லரும் அந்த வழியில் வந்த லூத்தரன்தான். 1776-ல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னை வேப்பேரியில் பணியாற்றி, தமிழ் அகராதி ஒன்றையும் தொகுத்தவர். ஒரு ஜெர்மானிய லூத்தரன், இங்கிலாந்து சபையின் ஜெபங்களைத் தமிழாக்கினார். நாம் 'தேவன்' என்று சொல்வதா 'பராபரன்' என்று சொல்வதா என்பதைக்கூட அந்தத் தலைமுறைகள் வாதாடித்தான் முடிவுக்கு வந்தன. பப்ரிஷியஸின் வேதாகம மொழிபெயர்ப்பில் பராபரன். 1871-ல் ஹென்றி பவர் தலைமையில் முழுமையான வேதாகமத் திருத்தத்தில் தேவன். நம் ஆராதனையின் காதுக்குப் பழகிய ஓசை பெரும்பாலும் இந்தப் பவர் தமிழ்தான். 'கடவோம்', 'பாத்திரர்', 'ஸ்தோத்திரம்' போன்ற சொற்கள் இன்றைய தமிழ் ஆசிரியர் ஒருவருக்கு உறுத்தலாம். எனக்கு அவை சமையலறை வாசனை போன்றவை. மெஞ்ஞானபுரம் பக்கத்தில் என் ஆச்சி வீட்டில் விடியற்காலையில் கேட்ட தமிழ் அது.

பெங்களூருக்கு அது பட்டாளத்தோடு வந்தது. 1809 வாக்கில் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கே முகாம் மாறியது. கன்டோன்மென்ட் பகுதியைக் கன்னடத்தில் தண்டு என்பார்கள். பழைய தமிழ்க் குடும்பங்களும் அப்படித்தான் சொல்கின்றன. மதராஸ் படையில் இருந்த தமிழ்ச் சிப்பாய்கள், அவர்களைத் தொடர்ந்து வணிகர்கள், சமையல்காரர்கள், தோட்டக்காரர்கள், குமாஸ்தாக்கள் என்று ஒரு தமிழ் நகரமே தண்டுக்குள் உருவானது. படை அதிகாரிகளுக்குக் கட்டப்பட்ட புனித மாற்கு ஆலயம் 1816-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அல்சூர் ஏரிக்கும் பழைய கடைவீதிக்கும் இடையே, முத்துச்சேரியில் 1840-ல் எழுந்த புனித பவுல் ஆலயம்தான் இங்கே தமிழர்களுக்கென்று அமைந்த முதல் ஆங்கிலிக்கன் ஆலயம். அதிகாரிகளுக்கு ஒரு கோயில், தமிழர்களுக்கு ஒரு கோயில் என்பதில் மொழியும் இருந்தது, தோலின் நிறமும் இருந்தது. பொது என்ற சொல்லைத் தலைப்பில் வைத்திருந்த சபைதான் அதைச் செய்தது.

அதைவிடக் கடினமான சோதனையை அந்தச் சொல் தமிழ் மண்ணில் ஏற்கெனவே சந்தித்திருந்தது. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பழைய சபைகளில் சாதிவாரியாகத் தனி இடத்தில் உட்கார்ந்தார்கள். நற்கருணைக்கும் தனித்தனியாக வந்தார்கள். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றாகவும் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். பெரும் எதிர்ப்பு எழுந்தது. பலர் சபையைவிட்டே விலகினார்கள். இன்றும் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், சாதியைக் கலைக்கும் முயற்சியை அதற்குச் சில வருடங்கள் முன்பே எழுத்தில் எதிர்த்தவர். இதை மறைத்துவிட்டுத் தமிழ் ஆராதனையின் அழகைப் பேசுவது சரியாகாது.

நற்கருணை வாங்க, பீடத்தை ஒட்டிய கிராதியின் முன் முழங்காலிடுகிறவர்கள் வந்த வரிசையில்தான் முழங்காலிடுகிறார்கள். உங்கள் தோள் யார் தோளில் படும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. திராட்சை ரசப் பாத்திரம் ஒன்றுதான், உங்களுக்கு முன் யார் குடித்தாரோ அவருக்கு அடுத்து நீங்கள் குடிக்கிறீர்கள். 1833-ல் தஞ்சாவூரில் எதிர்த்தவர்கள் இந்த ஆராதனையின் பொருளை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் என்றே நான் சொல்வேன். அந்தப் பாத்திரம் எதைக் கேட்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கல்யாணப் பேச்சு என்று வரும்போது இன்னும் சாதியைக் கேட்கும் நாமோ, ஒவ்வொரு ஞாயிறும் அதே பாத்திரத்தை வாயில் வைத்துவிட்டு எதுவும் நடக்காததுபோல வீடு திரும்புகிறோம்.

1919-ல் தரங்கம்பாடியில் கூடிய இந்தியப் போதகர்கள், நாங்கள் உண்டாக்காத பிரிவுகள் வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டிருக்கின்றன என்று சொன்னார்கள். கூட்டத்தின் முன்னணியில் இருந்தவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். இருபத்தெட்டு வருடப் பேச்சுவார்த்தைக்குப் பின் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி முதல் நாளே காலமாகிவிட்டார்.

ஒன்றான சபைக்கு ஒரு புதிய திருவிருந்து ஒழுங்கு தேவைப்பட்டது. 1950-ல் அது வந்தது. 1963-ல் மற்ற ஆராதனை ஒழுங்குகளோடு சேர்ந்து ஒரே புத்தகமானது. அதில் நடந்தவற்றை உலகம் கவனித்தது. ஆயர் மேஜைக்குப் பின்னால், சபையைப் பார்த்தபடி நின்றார். கத்தோலிக்க சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடுவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு. வேதாகமத்தைச் சபையின் நடுவே எடுத்துவந்து ஆராதனையைத் தொடங்கினார்கள். அப்பத்தையும் ரசத்தையும் காணிக்கையோடு சபையாரே மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். நற்கருணை ஜெபத்தை ஆயர் மட்டும் சொல்லி முடிக்காமல், அதன் நடுவில் சபையார் குரல் எழுப்பினார்கள்: உமது மரணத்தை நினைவுகூர்கிறோம், உமது உயிர்த்தெழுதலை அறிக்கையிடுகிறோம், உமது இரண்டாம் வருகைக்குக் காத்திருக்கிறோம். இது சிரியன் கிறிஸ்தவ மரபிலிருந்து எடுத்தது. பின்னாளில் மேற்கத்திய சபைகள் பலவும் தங்கள் நற்கருணை ஜெபத்தில் இதுபோன்ற மக்கள் குரலுக்கு இடம் கொடுத்தன.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சமாதானம். அதுவும் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்தது. மேஜையிலிருந்து தொடங்கிக் கைக்குக் கை பின்வரிசைவரை அது போகும். கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குகிறவரின் வலது உள்ளங்கையில் வைக்கிறார். இருவரும் இடது கையால் அடுத்தவரின் வலது கையை மூடிக்கொள்கிறார்கள். கைகுலுக்கல் மாதிரி ஒரு நொடியில் முடிந்துவிடாது. எங்கள் சபையில் ஒரு வருடம் கமிட்டித் தேர்தல் கசப்பாக முடிந்தது. எதிரெதிர் அணியில் நின்ற இரண்டு பேர் மாதக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிறு தாமதமாக வந்ததால் அவர்கள் இருவருக்கும் ஒரே பெஞ்சில்தான் இடம் கிடைத்தது. சமாதானம் அந்தப் பெஞ்சுக்கு வந்தபோது நான் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் கையை நீட்டினார். மற்றவர் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு தன் கையை வைத்தார். இடது கைகள் மேலே வர இன்னும் கொஞ்சம் நேரமானது. அதன்பின் அவர்கள் நண்பர்களாகிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த கூட்டத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் எழுந்து போகவில்லை.

பெங்களூருத் தமிழ்ச் சபைகளில் எல்லாச் சீமைப் பழக்கமும் கலந்திருப்பதைக் கண் இருப்பவர் காணலாம். நெல்லைக்காரர்களுக்குப் பாமாலை, இங்கிலாந்து ராகங்கள். குமரிக்காரர்களும் தஞ்சாவூர்க்காரர்களும் கீர்த்தனை இல்லாமல் ஆராதனையை ஆராதனையாக எண்ணுவதில்லை. ஆங்கிலிக்கன் வழியில் வந்தவர் முழங்காலிட்டு ஒரே பாத்திரத்தில் குடிப்பார்; லண்டன் மிஷன் வழியில் வந்தவர் வீட்டில் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களைப் பார்த்து வளர்ந்திருப்பார். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் சபையில் பலர் அப்பத்தை ரசத்தில் தொட்டு வாங்கிக்கொள்கிறார்கள். ஆரோக்கியத்தைப் பற்றிய அச்சத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் அந்த ஒற்றைப் பாத்திரம் கையிலிருந்து போய்விடக் கூடாது என்று ஆசைப்படுகிறேன். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

வருடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலிக்கன் வருடம் ஜனவரியில் தொடங்குவதில்லை. கிறிஸ்துமஸுக்கு நான்கு ஞாயிறு முன்பு, அட்வெந்தில் தொடங்குகிறது. லெந்து என்னும் தவக்காலத்தில் மேஜை விரிப்பு ஊதா, ஈஸ்டருக்கு வெள்ளை, பெந்தெகொஸ்துக்குச் சிவப்பு, அதன்பின் மாதக்கணக்கில் பச்சை. ஒரு பிரசங்கியாருக்குப் பிடித்த வேதப்பகுதி மட்டுமே வருடம் முழுவதும் ஒலிக்காமல் இந்த ஒழுங்கு காப்பாற்றுகிறது. மனம் சந்தோஷமாக இருக்கும்போதும் சாம்பல் புதன் வரும். துக்கமாக இருக்கும்போதும் ஈஸ்டர் வரும். பெரிய வெள்ளி அன்று மதியம் 12 முதல் 3 வரை இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனையை நம் ஊர் வழக்கம் என்றே பலர் நினைக்கிறார்கள். அது பெரு நாட்டின் லிமா நகரில், இயேசு சபைத் துறவிகளிடம் பிறந்து, 19-ம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் சபைக்குள் வந்தது. நல்லதை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ள இந்த மரபு கூச்சப்படவில்லை. அறுப்பின் பண்டிகைக்கு வயலே பார்க்காத மென்பொருள் பொறியாளர்கள் பூசணியும் பலாவும் வாங்கிவந்து பீடத்தின் முன் வைத்து, பிறகு தாங்களே அதிக விலைக்கு ஏலம் எடுக்கிறார்கள். ஊரில் நெல் மூட்டை கொண்டுவந்த தாத்தாவின் கை அதில் இருக்கிறது.

அந்தப் பெண் சொன்னதில் உண்மையும் உண்டு. வாசகங்களை ரயில் பிடிக்கிறவர்போல ஓட்டும் ஆயர்களை நான் கேட்டிருக்கிறேன். பாவ அறிக்கையைச் சொல்லிக்கொண்டே கைபேசியில் செய்தி பார்க்கும் சபையாரையும் பார்த்திருக்கிறேன். புத்தகம் யாரையும் ஜெபிக்கவைத்துவிடாது. அதற்கு மருந்தாகப் புத்தகத்தை மூடிவிட வேண்டும் என்று சிலர் வாதாடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. மெதுவாகச் சொன்னால் போதும். பாவ அறிக்கைக்கு முன் ஒரு நிமிட மௌனம் ஒழுங்கிலேயே இருக்கிறது. பெரும்பாலான ஞாயிறுகளில் அதை ஐந்து வினாடிக்குள் முடித்துவிடுகிறோம். முழு நிமிடமும் கொடுத்துப் பார்க்க வேண்டும். பெங்களூரில் பிறந்து கன்னடமும் ஆங்கிலமும் சரளமாகப் பேசி, தமிழை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு 'கடவோம்' புரியவில்லை என்றால் அதை விளக்க வேண்டிய பொறுப்பும் நமக்கு உண்டு. 24-வது விதி அவர்களுக்கும் பொருந்தும்.

புதிதாக வருகிறவருக்குச் சில வார்த்தைகள். எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். புத்தகத்தில் பக்கம் தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம், கேட்டால் மகிழ்வார். எப்போது எழுவது, எப்போது முழங்காலிடுவது என்று பதற வேண்டாம். முன்வரிசையைப் பார்த்தால் தெரியும். திடப்படுத்தல் (நற்கருணை எடுக்கும்முன் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெறாதவர், வேறு சமயத்தவர், தயக்கம் உள்ளவர் யாராயிருந்தாலும் கிராதிக்கு வந்து கைகளைக் கட்டியபடி நின்றால் எங்கள் ஐயர் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார். அப்பம் வாங்குகிறவர் வலது கையை இடது கையின்மேல் வைத்து உள்ளங்கையை நீட்ட வேண்டும்.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே தேநீருக்குப் போனபின் எனக்கு வேலை தொடங்கும். மீதமான அப்பத்தையும் ரசத்தையும் எடுத்துவைப்பதில்லை. அங்கேயே ஆயரும் நாங்கள் ஓரிருவரும் உட்கொண்டு முடித்துவிடுகிறோம். பிறகு பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, விளிம்பைச் சுற்றிக் கழுவி, அந்தத் தண்ணீரையும் குடித்துவிட வேண்டும். துடைத்த வெள்ளைத் துணியில் பலரின் உதட்டுச் சுவடு இருக்கும். யாருடையது எது என்று தெரியாது. அதைத் தனியாக அலசி, மடித்து வைக்கிறேன். போன ஞாயிறு அந்தப் பெண் வெஸ்ட்ரிக்குள் எட்டிப் பார்த்து, உதவட்டுமா என்று கேட்டார். பாத்திரத்தை அவர் பிடித்துக்கொண்டார், நான் தண்ணீர் ஊற்றினேன். அடுத்த ஆராதனை ஆங்கிலத்தில், ஒன்பது மணிக்கு. வாசலில் கார்கள் வரத் தொடங்கியிருந்தன.